மொட்டைமாடியில் முதல் ஆடிப்பட்டம்

நான்கு வெண்டைச் செடியை வைத்துக்கொண்டு ஒரு வேளைப் பொரியல் செய்துவிட முடியாது. சென்னையில் மாடித்தோட்டம் போட்டவர்கள் முதல் பருவம் முடிவதற்குள் கண்டுகொள்ளும் உண்மை இது. வீரிய ஒட்டு அல்லாத வெண்டை ரகங்கள் வயலில் ஹெக்டேருக்கு 12 முதல் 15 டன் வரை காய்க்கும். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. விட்டு விதைத்தால் ஒரு ஹெக்டேரில் சுமார் 74,000 செடி நிற்கும். வகுத்துப் பார்த்தால் ஒரு செடி தன் ஆயுளில் தருவது அதிகம் போனால் 200 கிராம். பத்துப் பதினைந்து காய். அதுவும் மொத்தமாக வருவதில்லை. இன்றைக்கு ஒன்று, நாளை மறுநாள் ஒன்று என்று ஒன்றரை மாதத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும்.

மாடியில் ஆளுக்குப் பத்துச் செடிதான், கவனிப்பு கூடுதல், விளைச்சலும் கொஞ்சம் கூடலாம். ஆனாலும் நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வேளைக்கு வேண்டுமென்றால் பன்னிரண்டு செடியாவது இருக்க வேண்டும். நான்கு செடிக்காரர் முதல் அறுவடையான இரண்டு காயைப் படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, ஃப்ரிட்ஜில் வைத்துத் துணைக்கு இன்னும் இரண்டு வரும்வரை காத்திருந்து, கடைசியில் எல்லாவற்றையும் சாம்பாரில் போட்டுவிடுகிறார்.

"மாடித்தோட்டம் போட்டோம், காய்கறிக் கடைப் பக்கமே போவதில்லை" என்று சொல்லும் காணொளிகளுக்குக் குறைவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒருவர் நாளொன்றுக்குக் காய்கறியும் பழமுமாக 400 கிராமாவது சாப்பிட வேண்டும் என்கிறது. நாலு பேருக்கு மாதம் ஐம்பது கிலோவை நெருங்குகிற அளவு அது. இருபது பைகள் வைக்கிற புதியவரால் அந்தப் பக்கமே போக முடியாது. அப்படியானால் இந்த வேலை எதற்கு? சிக்கனத்துக்கா, ஆரோக்கியத்துக்கா, பூமிக்கு நல்லது என்பதற்கா? மூன்றுக்கும் விடை உண்டு, ஆனால் எதுவும் விதை வாங்கும்போது நினைத்த மாதிரி இருப்பதில்லை.

புதியவர்கள் பெரும்பாலும் ஆடியில்தான் தொடங்குகிறார்கள். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி காவிரிப் படுகைக்கு மட்டுமல்ல, சென்னைக்கும் ஒருவகையில் பொருந்தும். கத்திரி வெயில் தணிந்து, சாயங்காலத்தில் இடியோடு ஒரு மழை பெய்யத் தொடங்கும் காலம். ஜூலை நடுவில் விதைத்தால் ஐப்பசி அடைமழைக்கு முன் செடிக்கு இரண்டரை, மூன்று மாதம் கிடைக்கும். வேர் பிடித்து, தண்டு தடித்து, காய்க்கவும் தொடங்கிவிடும். புரட்டாசிக் கடைசியில் ஆசைப்பட்டு நட்ட நாற்று அடுத்த மாத மழையில் அப்படியே சாய்ந்துவிடும். ஊர்த் திருவிழாக்களில் பெண்கள் தலையில் சுமந்து போகும் முளைப்பாரியே, அந்த ஆண்டு விதையின் முளைப்புத்திறனைப் பார்க்கும் ஏற்பாடுதான் என்று விவசாயிகள் சொல்வதுண்டு.

தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14 வாக்கில் சென்னையிலும் கோவையிலும் "நீங்களே செய்து பாருங்கள்" என்ற பெயரில் மாடித்தோட்டத் தளைகளை மானியத்தில் தரத் தொடங்கியது. செடி வளர்க்கும் பைகள், தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், விதைகள், உயிர் உரம், வேப்பெண்ணெய், ஒரு கையேடு எல்லாம் ஒரே மூட்டையில் வரும். பரணில் ஏறிக் கிடந்த அந்த மூட்டைகள் பல வீடுகளில் கீழே இறங்கியது 2020-ல். அந்த ஆண்டு மே மாதம் கோயம்பேடு சந்தையையே கொரோனாவுக்காக மூடினார்கள். காய்கறி எங்கிருந்து வருகிறது என்று நகரம் யோசித்த அபூர்வமான நாட்கள் அவை. பிறகு 2023 ஜூலையில் தக்காளி விலை ஏறி, நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டிய நிலை வந்தபோது, நர்சரிகளில் தக்காளி நாற்றுக்கு இன்னொரு சுற்று கிராக்கி.

மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் மாடியைப் பார்க்க வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் முதலில் சொல்வது, "தளம் ஒழுகும்." அவர் பயத்தில் நியாயம் உண்டு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்த பழைய மாடிகளில், பையின் அடியிலிருந்து கசியும் ஈரம் ஓட்டின் இணைப்புகளில் இறங்கும். வேரும் பின்னாலேயே போகும். பைகளைச் செங்கல்மீதோ இரும்பு ஸ்டாண்டிலோ தூக்கி வைத்து, அடியில் காற்றும் துடைப்பமும் போகிற அளவுக்கு இடம் விட்டால் இந்தத் தகராறு பாதி தீரும். எடை இன்னொரு விஷயம். ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடி சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும்படி கட்ட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. பழைய டிரம்மைப் பாதியாக அறுத்துச் செம்மண் நிரப்பித் தண்ணீரும் ஊற்றினால், அது ஒன்றே அந்த அளவைத் தாண்டிவிடும். அதனால்தான் செம்மண்ணைக் குறைத்து, தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலக்கச் சொல்கிறார்கள். கனமான தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ ஓடும் இடமாகப் பார்த்து ஓரத்தில் வைப்பது நல்லது.

தென்னைநார்க் கழிவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கடையில் "கோகோபீட்" என்று கேட்டால் செங்கல் போல ஒரு கட்டி தருவார்கள். தண்ணீரில் போட்டால் ஐந்து கிலோ கட்டி எழுபது லிட்டருக்கு மேல் உப்பும். தேங்காய் மட்டையிலிருந்து நாரை எடுத்த பிறகு உதிரும் தூள் அது. ஒரு காலத்தில் கயிற்றுத் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து, எதற்கும் உதவாமல் கிடந்தது. இன்று பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்து கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்குப் போகிறது. ஒரே சிக்கல், அதில் உள்ள உப்பு. புதியவர் கட்டியை ஊறவைத்து அப்படியே பையில் நிரப்பி நாற்றை நட்டால் இலை ஓரம் கருகும். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசிப் பிழிய வேண்டும். ஆலையிலேயே அலசி வரும் கட்டிகளும் உண்டு. அங்கே அலசிய தண்ணீர் எங்கே போகிறது? நிலத்தடி நீர் நிறம் மாறிவிட்டது என்று பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிகள் பல ஆண்டுகள் புகார் சொன்னார்கள். 2021-ல் இந்தத் தொழில் மாசு இல்லாத வெள்ளைப் பட்டியலிலிருந்து மாசுள்ள தொழில்களின் ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. இயற்கைத் தோட்டம் என்று ஆசையாக வாங்கும் முதல் பொருளுக்கே ஒரு கதை இருக்கிறது.

விதைப் பொட்டலத்தைப் பிரித்தால் இன்னொரு கதை. சில விதைகள் அடர் ரோஸ் நிறத்தில் இருக்கும். அழகுக்காகப் பூசிய சாயம் என்று நினைத்துவிடக் கூடாது. பூஞ்சாணக்கொல்லி கலந்த விதை, தின்னக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. வீரிய ஒட்டு விதைகள் நன்றாகவே காய்க்கும். ஆனால் அந்தக் காயிலிருந்து எடுக்கும் விதை அடுத்த ஆண்டு தாயைப் போல வராது. விதையைத் திரும்ப எடுக்க நினைப்பவர்கள் நாட்டு ரகங்களையோ, பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட சாதாரண ரகங்களையோ தேடிப் போகிறார்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா வெண்டையும், பெரியகுளத்திலிருந்து வந்த பிகேஎம் 1 தக்காளியும் இந்த வகை. வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி, வரிக் கத்தரி, கண்ணாடிக் கத்தரி என்று கத்தரியில் மட்டும் எத்தனையோ. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் 2013-ல் மறைந்த பிறகு, அவர் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஊர் ஊராக நடத்தும் விதைத் திருவிழாக்களில் இந்தப் பெயர்களெல்லாம் பொட்டலம் பொட்டலமாகக் கிடைக்கின்றன. முதல் தடவை போகிறவர் முப்பது வகை வாங்கிக்கொண்டு வருவார். அது தவிர்க்க முடியாத நோய்.

முளைக்காத விதையில் பெரும்பாலும் குற்றம் விதைமேல் இருக்காது. கீரை விதையைக் கட்டைவிரல் ஆழத்துக்குப் புதைத்தால் அது மேலே வரவே வராது. மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய ஒரு போர்வை போதும். கொத்தமல்லியை இரண்டாக உடைத்துப் போட வேண்டும். வெண்டையை ஓரிரவு ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் குழித்தட்டில் ஒரு மாதம் வளர்ந்த பிறகே பைக்கு மாற வேண்டியவை. எல்லாம் சரியாகச் செய்தும் கீரை வரவில்லையென்றால் எறும்பைச் சந்தேகிக்கலாம். ராத்திரியோடு ராத்திரியாக விதையைச் சுமந்துகொண்டு போய்விடும். கொஞ்சம் ரவையைப் பை ஓரத்தில் தூவி வைத்தால் அதைத் தூக்குகிற மும்முரத்தில் விதையை விட்டுவிடும் என்பது அனுபவக்காரர்கள் சொல்லும் வழி.

முதல் மகிழ்ச்சி கீரையில்தான். சிறுகீரையோ முளைக்கீரையோ மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்த்துக்கொண்டே இருக்கும். பறித்து அரை மணியில் அடுப்புக்குப் போகும் கீரையின் ருசிக்குக் கடைக்கீரை ஈடாகாது என்று சொல்வதில் பெருமை கொஞ்சம் கலந்திருந்தாலும், பொய் இல்லை. முதல் பருவத்துக்கு நாலு பையில் கீரை, பக்கத்தில் ஒரு கறிவேப்பிலை, ஒரு பிரண்டை, இவ்வளவு மட்டும் போட்டவர்கள் யாரும் தோற்றதாகத் தெரியவில்லை. ஆனால் யாரும் அப்படித் தொடங்குவதும் இல்லை. எல்லோருக்கும் தக்காளி வேண்டும்.

புரட்டாசி பிறக்கும்போது பூச்சி வரும். வெண்டை இலையில் நரம்புகள் மட்டும் மஞ்சளாகி, பிறகு காயும் வெளுத்துப் போனால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த மஞ்சள் நரம்புத் தேமல் வைரஸ். மருந்து கிடையாது; செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். நாலு செடிக்காரருக்கு அதில் ஒன்றைப் பிடுங்குவது கால் பங்குத் தோட்டத்தை இழப்பது. கை வராமல் விட்டு வைப்பார், அடுத்த வாரம் நான்கும் மஞ்சள். கத்தரியில் நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே ஒரு புழு துளைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வாடிய இடத்துக்குக் கீழே வெட்டி அப்புறப்படுத்தினால் காய்க்குப் போவதைக் குறைக்கலாம். தேடிப்பிடித்து வெட்டும் பொறுமை மாடியில் சாத்தியம். ஐந்து ஏக்கர் கத்தரிக்காரருக்கு அந்தப் பொறுமை கட்டுப்படியாகாது, அவர் தெளிப்பானைத் தூக்குகிறார். சந்தையில் பளபளக்கும் கத்தரிக்காய் எப்படி வருகிறது என்று நகரத்து ஆள் முதன்முதலாக யோசிப்பது இந்த இடத்தில்தான்.

எல்லோரையும் பாடுபடுத்துவது மாவுப்பூச்சி. செம்பருத்தியில் தொடங்கிக் கத்தரிக்கும் வெண்டைக்கும் தாவும் இந்த வெள்ளைப் பஞ்சு, தமிழ்நாட்டு விவசாய வரலாற்றிலேயே ஒரு அத்தியாயம். பப்பாளி மாவுப்பூச்சி என்ற அந்நிய இனம் 2008-ல் கோவையில் முதலில் தென்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் பப்பாளியும் மரவள்ளியும் மல்பெரியும் வெள்ளை பூசியதுபோல ஆயின. எந்த மருந்தும் சரியாக எடுபடவில்லை. 2010-ல் அதன் இயற்கை எதிரியான, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு ஒட்டுண்ணிக் குளவியைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தார்கள். அசிரோபேகஸ் பப்பாயே என்பது அதன் பெயர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கிப்போனது.

மாடியில் நடப்பது இதற்கு நேர் எதிர். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே அதைப் போலவே வெள்ளைக் குஞ்சம் வைத்த, ஆனால் கொஞ்சம் பெரிதாக, வேகமாக நகரும் ஒரு புழு இருக்கும். பொறிவண்டு இனத்தின் இளம்புழு அது. மாவுப்பூச்சியைத் தின்பதே அதன் பிழைப்பு. புதியவர் பூச்சியில் பெரியதைத்தான் முதலில் நசுக்குவார். தண்ணீரைப் பீச்சி அடித்துக் கழுவுவது, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பது, இவை போதும். கொடுமுடி மருத்துவர் நடராஜன் வகுத்த பஞ்சகவ்யத்தையும் மீன் அமிலத்தையும் தேமோர்க் கரைசலையும் மொட்டைமாடிக்குக் கொண்டுவருபவர்கள், அக்கம்பக்கத்து மூக்குகளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.

பூச்சி போனால் பூ. பந்தலில் ஏறிய சுரையும் பீர்க்கும் கொத்துக் கொத்தாகப் பூத்து, பூத்தவை எல்லாம் உதிர்ந்துபோகும். "செடி சரியில்லை" என்று உரத்தைக் கூட்டுவார்கள். உண்மையில் முதலில் வருபவை எல்லாம் ஆண் பூக்கள். பெண் பூ பின்னால் வரும். பூவுக்கு அடியில் பிஞ்சுபோல ஒரு வீக்கம் இருந்தால் அது பெண். சுரைக்காய் வெள்ளைப் பூ சாயங்காலம் விரிந்து, இருட்டில் வரும் அந்துப்பூச்சிகளுக்காகக் காத்திருக்கும் வகை. நாலாவது மாடிக்கு அந்துப்பூச்சி வரவில்லையென்றால், மனிதர்தான் பொழுது சாய்ந்த பின் ஓர் ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கிப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிட வேண்டும். கத்தரிக்கும் தக்காளிக்கும் இந்தக் கவலை இல்லை. காற்று அசைத்தாலே போதும். ரீங்காரமிட்டுப் பூவைக் குலுக்கும் கருவண்டுத் தேனீ வந்தால் இன்னும் நல்லது. நகரத்தில் அந்தத் தேனீக்குக் கூடு கட்டப் பட்டுப்போன மரம் வேண்டும். காய்ந்த கிளை தெரிந்தால் அன்றே வெட்டச் சொல்லும் குடியிருப்புச் சங்கத்துக்கு இது தெரியாது.

பிறகு மழை. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் தொடங்கி டிசம்பருக்குள் கொட்டிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இரண்டு நாளில் பல இடங்களில் 40 செ.மீ.யை ஒட்டி மழை. அந்த வாரம் நகரத்தில் யாரும் தக்காளிச் செடியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். சாதாரண ஐப்பசியிலேயே பையின் அடித்துளை அடைத்துக்கொண்டால் வேர் அழுகும், கலவையில் உள்ள சத்தெல்லாம் பழுப்புத் தண்ணீராக வடிகாலில் இறங்கும். இந்தப் பருவத்தைத் தாண்டி நிற்பது கறிவேப்பிலை, கொடியில் அவரை, சில மிளகாய்கள். அவரை மார்கழிப் பனிக்குத்தான் பூக்கும். தையில் பொங்கல் கூட்டுக்கு ஒரு பிடி கிடைத்தால் அந்தப் பருவம் வெற்றி என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி அந்த மூன்று கேள்விகள். சிக்கனம் முதல் ஆண்டில் இல்லவே இல்லை. ஸ்டாண்டு, நிழல்வலை, பை, கட்டி, உரம் எல்லாம் சேர்த்துக் கிடைத்த காயால் வகுத்தால் கத்தரிக்காய் முந்திரிப் பருப்பு விலையைத் தொடும். ஆரோக்கியத்தைப் பொறுத்தவரை, மருந்தடிக்காத கீரை நிச்சயமாக லாபம். தினமும் இருமுறை மாடிப்படி ஏறுவதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

பூமிக்கு நல்லதா என்ற கேள்விக்குத்தான் பதில் கொஞ்சம் கசப்பு. "நூறு மைல் தாண்டி லாரியில் வரும் காயைவிட மாடியில் விளைவது பசுமை" என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் ஜோசஃப் பூரும் தாமஸ் நெமசெக்கும் 2018-ல் வெளியிட்ட பெரிய ஆய்வின்படி, உலக உணவால் வெளியாகும் வெப்பவாயுக்களில் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதமே. மிச்சமெல்லாம் பெரும்பாலும் நிலத்திலும் பண்ணையிலும் உண்டாவது. 2024-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு இன்னும் நேரடியாகவே அளந்தது. ஐந்து நாடுகளில் நகரத்துக்குள் இருக்கும் 73 தோட்டங்களையும் பண்ணைகளையும் எடுத்துக்கொண்டு, ஒருவர் ஒரு வேளைக்குச் சாப்பிடும் காய்கறிக்கு எவ்வளவு கார்பன் என்று கணக்கிட்டார்கள். நகரத் தோட்டத்தில் 0.42 கிலோ, வழக்கமான விவசாயத்தில் 0.07 கிலோ. ஆறு மடங்கு. காரணம் செடி அல்ல, செடியைச் சுற்றி நாம் கட்டும் சாமான்கள். ஐந்து ஆண்டில் பிரித்துப் போடும் பாத்தி, இருபது ஆண்டு நிற்கும் பாத்தியைவிட ஒரு வேளைக் காய்க்குச் சுமார் நான்கு மடங்கு கெடுதல் செய்கிறது. ஆய்வு நடந்தது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும். சென்னையின் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் அந்தக் காரணம் இங்கேயும் நூற்றுக்கு நூறு பொருந்தும். வெயிலில் இரண்டு மூன்று ஆண்டில் பொடிப்பொடியாக உதிரும் மலிவுப் பையைத் தொட்டுப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. அந்தப் பிளாஸ்டிக் செதிள் மறுபடி கலவைக்குள்ளேயே விழுகிறது.

ஆக, மாடித்தோட்டம் தானாகவே பசுமை ஆகிவிடாது. முதல் ஆண்டில் அது பெரும்பாலும் ஒரு கொள்முதல்தான். மூன்றாம் ஆண்டும் அதே தொட்டி, அதே ஸ்டாண்டு, அதே கலவை ஓடினால் கணக்கு மாறத் தொடங்கும். பழைய பெயின்ட் வாளி, உடைந்த வாஷ்பேசின், தண்ணீர் கேன், பழைய சிமென்ட் தொட்டி இவற்றில் வளர்ப்பவரின் மாடி படத்தில் அழகாக இருக்காது. கணக்கில் அவர்தான் முன்னால் நிற்கிறார்.

இன்னொரு பெரிய வரவு சமையலறைக் குப்பை. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு, தோலும் காம்பும் உட்பட, குப்பைக்குப் போகிறது. நாலு பேர் வீட்டில் 220 கிலோ. சென்னையில் இவை மற்ற குப்பையோடு கலந்து போனால் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் காற்றுப் புகாமல் அழுகி மீத்தேனாக மாறும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்தது பலருக்கு நினைவிருக்கும். அதே தோலைத் துளை போட்ட வாளியில் காய்ந்த இலையோடு அடுக்கடுக்காகப் போட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்த உரம். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காய்ந்த இலை போதவில்லை என்று அர்த்தம். ஒரு பங்கு தோலுக்கு இரண்டு பங்கு இலை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழைக்காது. தெருவில் கூட்டிக் கொளுத்தும் வேப்பிலைக்கும் புங்க இலைக்கும் இதனால் ஒரு வேலை கிடைக்கிறது. சில நாளில் வாளிக்குள் தடித்த சாம்பல் நிறப் புழுக்கள் நெளியும். வீடே அலறும். கறுப்புப் படைவீரன் என்று பெயருள்ள ஈயின் புழு அது; நோய் பரப்பாது, குப்பையைப் படுவேகமாகத் தின்று தீர்க்கும். மூடிவைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

தண்ணீரும் அப்படித்தான். கோடையில் ஒரு பைக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்றால் இருபது பைக்கு முப்பது லிட்டர். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த 2019 கோடையில் முப்பது லிட்டரைச் செடிக்கு ஊற்றுவது பக்கத்து வீட்டாரிடம் சொல்லக்கூடிய காரியமாக இல்லை. தாக்குப்பிடித்த தோட்டங்கள் அரிசி கழுவிய நீர், காய் கழுவிய நீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் இவற்றை நம்பியவை. இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. கொல்லைப்புறம் இருந்த வீடுகளில் பாத்திரம் கழுவும் இடத்தில் வாழை நிற்கும். கூரைமேல் சுரையும் பறங்கியும் படரும். அந்தத் தோட்டத்துக்கென்று யாரும் எதையும் விலைகொடுத்து வாங்கவில்லை. மிச்சமானது எங்கே போய் விழுகிறதோ அங்கே ஒரு செடி இருந்தது, அவ்வளவே.

பெரும்பாலான மாடித்தோட்டங்கள் சித்திரையில்தான் கைவிடப்படுகின்றன. மே மாதச் சென்னையில் இரவிலேயே 27, 28 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் தக்காளிப் பூவின் மகரந்தம் வீணாகிப் பூ உதிரும், எந்தக் கரைசலும் அதைத் தடுக்காது. தக்காளியை அந்த மாதங்களில் விட்டுவிட்டு வெண்டையும் கொத்தவரையும் தண்டுக்கீரையும் போடலாம். பாதிப் பைகளுக்கு நிழல்வலை, எல்லாப் பைகளுக்கும் மேலே நாலு விரல் கனத்துக்குச் சருகு. விதைக்கென்று நல்ல செடியாகப் பார்த்து, முதல் காய்களிலேயே இரண்டைச் செடியிலேயே முற்றி வெடிக்க விட வேண்டும். வெண்டை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது, பக்கத்தில் வேறு ரகம் இல்லாவிட்டால் விதை மாறாமல் வரும். கத்தரிக்கு நன்றாகப் பழுத்து மஞ்சளான காய் வேண்டும். சதையைக் கரைத்துத் தண்ணீரில் விட்டால் மூழ்குவது நல்ல விதை. நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டி வைத்தால் பூச்சி அண்டாது. வைகாசியில் பழைய கலவையைக் கொட்டி, வேர்களைப் பொறுக்கி, வெயிலில் ஒரு வாரம் காயவைத்து, வேப்பம்புண்ணாக்கும் வாளியில் விளைந்த உரமும் கலந்து நிரப்பிவிட்டால், அடுத்த ஆடிக்குக் கடையில் வாங்க வேண்டியது மிகக் குறைவு. விதைத் திருவிழாப் பக்கம் போகாமல் இருந்தால் இன்னும் குறைவு.